பழைய பில்லி குக் சேணம் வாங்குமுன்: பெயருக்குக் கீழே இருக்கும் ஊரைப் படியுங்கள்

அமெரிக்காவில் பழைய வெஸ்டர்ன், அதாவது கௌபாய் பாணிச் சேணம் தேடுகிறவர் கண்ணில் அடிக்கடி படும் பெயர் பில்லி குக். குதிரைச் சாமான் கடை, பண்ணை ஏலம், இணைய விளம்பரம் என்று எங்கே போனாலும் இந்தப் பெயர் இருக்கும். ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே பூவேலை, ஒரே அரக்கு நிறத் தோல். ஆனால் ஒன்றுக்கு 450 டாலர் கேட்பார்கள், இன்னொன்றுக்கு 1,400 டாலர். விற்கிறவர் ஏமாற்றுகிறார் என்று அவசரப்பட வேண்டாம். முத்திரையில் பெயருக்குக் கீழே ஊரின் பெயர் ஒரு வரியாக இருக்கும். விலை முதலில் பிரிவது அந்த வரியில். அடுத்துப் பிரிவது தோலுக்குள் மறைந்திருக்கும் சட்டத்தில். மற்ற எல்லாமே இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

பில்லி குக் என்பவர் நிஜமான சேணக் கைவினைஞர். டாலஸ் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 50 மைல் தள்ளி இருக்கும் கிரீன்வில் என்ற டெக்சாஸ் ஊரில்தான் அவர் பட்டறை முதலில் இருந்தது. பின்னர் அந்தத் தொழில் கைமாறிப் போனது. பெயரும் அதோடு போனது. அவர் ஓக்லஹோமாவில் சல்ஃபர் என்ற சிற்றூரில் புதிதாகத் தொடங்கினார். (கந்தக ஊற்றுகளால் வந்த பெயர் அது. ஊரே கந்தகம்தான்.) கிரீன்வில்லில் வேறு முதலாளிகள் அவர் பெயரிலேயே தொழிற்சாலைச் சேணங்களைத் தொடர்ந்து செய்தார்கள். ஆகவே ஒரே ஆளின் பெயர் தாங்கிய இரண்டு வகைச் சரக்கு பல ஆண்டுகளாகச் சந்தையில் கலந்து கிடக்கிறது.

சல்ஃபர் சேணத்தின் முத்திரையில் பெரும்பாலும் ‘ஜெனுயின் பில்லி குக்’ என்ற சொற்களும், மேக்கர் என்பதும், சல்ஃபர், ஓக்லஹோமா என்ற ஊர்ப்பெயரும் இருக்கும். கிரீன்வில், டெக்சாஸ் என்று இருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலைச் சரக்கு. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டறை கைமாறுவதற்கு முன் அவர் தன் கையாலேயே கிரீன்வில்லில் செய்த மிகப் பழைய சேணங்களும் அதே ஊர்ப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. கிரீன்வில் என்று கண்டவுடன் ஒதுக்குவதும் தவறு, பில்லி குக் என்று கண்டவுடன் பணத்தை எடுப்பதும் தவறு. பில்லி ராயல் என்பது முற்றிலும் வேறு நிறுவனத்தின் சேணம். பெயர் ஒலிப்பு காரணமாக விளம்பரங்களில் இரண்டையும் குழப்பிப் போடுகிறார்கள்.

முத்திரை எங்கே இருக்கும்? இடது பக்கம் முன்னால், தொங்கும் வாரின் நுனியைச் செருகி வைக்கும் சிறு தோல் துண்டு இருக்கும், அதற்கு லாட்டிகோ கீப்பர் என்று பெயர். முதலில் அங்கே பாருங்கள். இல்லையென்றால் இருக்கையின் முன்பகுதி, கயிறு சுற்ற முன்னால் நிற்கும் கொம்பின் அடிவாரம். பிறகு ஃபெண்டர், அதாவது சவாரி செய்பவரின் காலுக்கும் குதிரைக்கும் நடுவே தொங்கும் அகலமான தோல் பட்டையின் மேல்பகுதி. அதைத் தூக்கிப் பின்பக்கத்தையும் பாருங்கள். மாடல் எண்ணும் தொடர் எண்ணும் பெரும்பாலும் இப்படி மறைவான இடத்தில்தான் குத்தப்பட்டிருக்கும். எழுத்து தேய்ந்து படிக்க முடியாவிட்டால் மெல்லிய வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள், எழுந்து வரும். அல்லது இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள். எண்ணெய் பூசி எழுத்தைத் தெளிவாக்கப் பார்க்காதீர்கள். தோல் ஊறி எழுத்து இன்னும் அமுங்கிவிடும்.

முத்திரையே இல்லாத சேணமும் நிறைய வரும். ‘ஜெனுயின் லெதர்’ என்று ஒரு துணிச் சீட்டு மட்டும் தைத்திருந்தால் அது மலிவு இறக்குமதி என்று எடுத்துக்கொள்ளலாம். இதில் கணிசமானவை நம் நாட்டிலிருந்து போகிறவை. கான்பூர் சேண வேலைக்குப் பெயர்பெற்ற ஊர், புவிசார் குறியீடும் பெற்றது. அங்கே நல்ல வேலையும் நடக்கிறது, அடிமட்ட விலைக்கு எருமைத்தோலில் அவசரமாகச் செய்யும் வேலையும் நடக்கிறது. அமெரிக்க இணையக் கடைகளில் 200, 300 டாலருக்குப் புதிதாக விற்பது இரண்டாவது வகை. அதைப் பழையதாக வாங்கினால் மறுவிற்பனை மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்யம்.

இனி சட்டத்துக்கு வருவோம். ட்ரீ என்று அவர்கள் சொல்வது சேணத்தின் எலும்புக்கூட்டை. முன்னே கவட்டை போன்ற ஒரு பாகம், அதன் மேல் கொம்பு, பின்னே முதுகு தாங்கும் கேன்டில், இவற்றை இணைத்துக் குதிரையின் முதுகுத்தண்டின் இருபுறமும் படுக்கும் இரண்டு பார்கள். நல்ல கயிறுவீச்சுச் சேணத்தில், அதாவது கயிறு வீசி மாடு பிடிக்கச் செய்த சேணத்தில், இது மரத்தால் ஆகி, மேலே பதனிடாத மாட்டுத்தோல் இழுத்துத் தைக்கப்பட்டிருக்கும். பச்சையாக இருக்கும்போது இழுத்துத் தைத்த தோல் காயும்போது சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மிருதங்கத்துக்குத் தோல் பிடிப்பது போலத்தான். அடுத்த தரம், மரத்தின் மேல் ஃபைபர்கிளாஸ் பூசியது. அதற்கும் அடுத்தது ரேலைடு எனப்படும் பிளாஸ்டிக் சட்டம். எடை குறைவு, மட்காது, மலிவு. ஆனால் ஆணி பிடிப்பு மரத்தைப் போல இராது. நடைசவாரிக்குப் போதும், கயிறு வீசி மாட்டை நிறுத்தும் வேலைக்கு வேண்டாம்.

சட்டம் உடைந்த சேணத்தை மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பளபளவென்று இருக்கும். கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். சேணத்தை மூக்குக் கீழாக நிறுத்தி, கொம்பும் முன்பகுதியும் உங்கள் தொடையில் அல்லது தரையில் ஊன்றும்படி வையுங்கள். இரண்டு கையாலும் கேன்டிலின் மேல்விளிம்பைப் பிடித்து, கொம்பை நோக்கி அழுத்தமாக இழுங்கள். நல்ல மரச்சட்டம் அசையவே அசையாது, அல்லது மயிரிழை கொடுத்து உடனே திரும்பும். பார் உடைந்திருந்தால் இருக்கையின் நடுவில் தோல் குறுக்கே சுருங்கி மடிப்பு விழும். சில நேரம் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கையில் அதிரும். அந்தச் சுருக்கம் எப்போதும் ஒரே இடத்தில் விழுகிறதா என்று மூன்று நான்கு முறை இழுத்துப் பாருங்கள். அப்படி விழுந்தால் கதை முடிந்தது.

அடுத்து முன்பக்கத்தின் இரண்டு பார் நுனிகளையும் உள்ளங்கையால் பிடித்து உள்ளே நெருக்கி வெளியே விரியுங்கள். கவட்டை விரிசல் இருந்தால் இங்கே தெரியும். பிறகு கொம்பைப் பிடித்து முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஆட்டுங்கள். கொம்பு ஆடினால் அதைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்ந்ததா, அடியில் மரமே பிளந்ததா என்பதைத் தோலைக் கழற்றினால்தான் சொல்ல முடியும். ஆகவே அதை உடைந்ததாகவே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சேணத்தைக் கவிழ்த்து, பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், தச்சர் பலகையின் நேர்மையைப் பார்ப்பது போல. இரண்டு பார்களும் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்க வேண்டும். வயிற்றுவார் தொங்கும் முன் வளையத்திலிருந்து கேன்டில் மூலை வரை இடதும் வலதும் டேப்பால் அளந்தால், கால் அங்குலம் வித்தியாசம் தையலால் வரலாம். அரை அங்குலத்தைத் தாண்டினால் சட்டம் முறுக்கியிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. சர்க்கிள் ஒய் போன்ற நிறுவனங்கள் வளைந்து கொடுக்கும் பார்களோடு ஃப்ளெக்ஸ் ட்ரீ என்று வேண்டுமென்றே செய்கின்றன. அவற்றில் இழுவைச் சோதனையில் அசைவு இருக்கத்தான் செய்யும். மாடலைத் தெரிந்துகொள்ளாமல் சோதித்தால் நல்ல சேணத்தையும் உடைந்தது என்று தள்ளிவிடுவோம்.

சட்டம் உடையக் காரணங்கள் சிலதான். குதிரை பின்பக்கமாக மல்லாந்து விழுவது. கொம்பில் கயிறு சுற்றிய நிலையில், பின் வயிற்றுவார் தளர்ந்திருக்கக் கனத்த மாட்டை நிறுத்துவது. வண்டி ஏறிப்போவது. முதல் இரண்டும் கயிறுவீச்சுச் சேணத்தில்தான் அதிகம் நடக்கும். பழைய பில்லி குக்கில் கணிசமானவை அந்த வகைதான் என்பதால் இந்தச் சோதனையை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உடைந்த சட்டத்தை மாற்றுவது என்றால் சேணம் முழுவதையும் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். கூலி, அந்தப் பழைய சேணத்தின் விலையையே தின்றுவிடும். உடைந்ததை உதிரிபாகத்துக்கு மட்டுமே வாங்கலாம்: ஃபெண்டர், அங்கவடி, வளையங்கள், வெள்ளிப் பொத்தான்கள்.

தோலைப் பற்றி நம்மூர்க்காரருக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலைக் கையில் பிடித்தவருக்கு மரப்பட்டைப் பதனீட்டின் வாசனையும் விறைப்பும் தெரியும். தரமான அமெரிக்கச் சேணமும் அதே தாவரப் பதனீட்டுத் தோல்தான். செயின்ட் லூயிஸில் 1881 முதல் இயங்கும் ஹெர்மன் ஓக் தோல்பதனிடும் ஆலையின் சரக்கு என்றால் சேணத் தொழிலாளர்கள் மரியாதையோடு சொல்வார்கள். வெட்டிய விளிம்பைப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் ஒரே பழுப்பு இருந்தால் நல்லது. நடுவில் நீலச்சாம்பல் நிறக் கோடு ஓடினால் அது குரோம் பதனீடு. சிஞ்ச் எனப்படும் வயிற்றுவாரை இழுக்கும் வாருக்குச் சரி, சேணத்தின் உடம்புக்கு மலிவுதான்.

ஃபெண்டரின் ஓரத்தைப் பூவேலை வெளிப்பக்கம் வரும்படி மெல்ல மடியுங்கள். மெல்லிய கோடுகள் விழுந்து நேராக்கியதும் மறைந்தால் தாகம்தான், கொஞ்சம் எண்ணெய் போதும். வெடித்து உள்நார் தெரிந்தால் அந்தத் துண்டு போனது. விரலால் தேய்க்கும்போது செங்கல்பொடி போலச் சிவந்த தூள் ஒட்டினால் அது ரெட் ராட், தோல் அமிலத்தால் நைந்து பொடியாவது. அதற்கு எந்த எண்ணெயும் மருந்தில்லை. மேலே வெள்ளைப் பூப்பு இருந்தால் பயப்படும் முன் முடி உலர்த்தியைக் காட்டுங்கள். உருகி மறைந்தால் தோலிலிருந்து வெளிவந்த கொழுப்பு. மறையாமல் மக்கல் நாற்றமும் அடித்தால் பூஞ்சை. எண்ணெய் அளவுக்கு மீறி ஊட்டிய சேணமும் ஆபத்துதான். அழுக்குக் கருப்பாக, துணி போலத் துவண்டு கிடக்கும். அந்த விறைப்பு திரும்ப வராது.

எல்லாரும் பார்க்கத் தவறும் இடம் ஒன்று உண்டு. அங்கவடியைத் தாங்கும் வார் ஃபெண்டரின் பின்னால் மேலே போய், இருக்கைக்கு அடியில் பாரைச் சுற்றித் திரும்பும். ஆளின் முழு எடையும் அந்த மடிப்பில்தான் நிற்கிறது. ஃபெண்டரைப் பிடித்து நன்றாகக் கீழே இழுத்தால் அந்த மடிப்பு வெளியே வரும். அங்கே குறுக்குவெடிப்பு இருந்தால் ஏறி உட்கார வேண்டாம். அதுபோல இடது பக்கம் சிஞ்சை இறுக்கும் லாட்டிகோ வார், வலது பக்கம் துளையிட்ட வார், இரண்டு சிஞ்சுகளையும் அடிவயிற்றில் இணைக்கும் சிறு வார், இவை மூன்றையும் பழைய சேணத்தில் பேசாமல் புதிதாக மாற்றிவிடலாம். செலவு அதிகமில்லை, உயிர் அதில் தொங்குகிறது.

கவிழ்த்து வைத்திருக்கும்போதே அடிப்பக்கக் கம்பளியையும் படியுங்கள். அசல் ஆட்டுரோமத்தை விரலால் பிரித்தால் அடியில் தோல் தெரியும். செயற்கை ரோமத்தின் அடியில் நெய்த துணி தெரியும். அழுக்கும் தேய்மானமும் இருபுறமும் ஒரே மாதிரி இருந்தால் சேணம் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் வழுக்கை, மறு பக்கம் புசுபுசு என்றால் சட்டம் முறுக்கியிருக்கலாம், அல்லது ஒரு கால் அங்கவடி நீளமாக வைத்தே ஓட்டியிருக்கலாம். மேலே சொன்ன டேப் அளவு அதைத் தீர்த்துவைக்கும். கம்பளி முழுக்க மாற்றுவது சில நூறு டாலர் வேலை. பேரத்தில் அதைச் சொல்லிக் கழிக்கலாம்.

பூவேலை கையால் செதுக்கியதா, உருளையில் அழுத்தியதா? கண்ணருகே கொண்டுபோய் ஒரு ரோஜாவையும் அடுத்த ரோஜாவையும் ஒப்பிடுங்கள். கைவேலையில் இதழின் வளைவு சற்றே மாறும், கத்தி போட்ட வெட்டு கூர்மையாக இறங்கி முனையில் மெலிந்து முடியும், பின்னணி குழிகள் கொஞ்சம் ஆழம் கொஞ்சம் மேலோட்டம் என்று இருக்கும். அழுத்து வேலையில் எல்லா இதழும் ஒரே அச்சு, ஓரங்கள் மழுங்கல், ஆழம் ஒரே சீர். கூடைப்பின்னல் வேலையில் எல்லைக்கோட்டருகே பாருங்கள். கைவேலைக்காரர் கடைசிக் கட்டத்தைப் பாதியாகச் சாய்த்துக் குத்தி, அதன்மேல் ஒரு சின்ன அலங்காரக் குத்து போட்டு மறைத்திருப்பார். அழுத்து வேலையில் பின்னல் தையலுக்கடியில் நேராக ஓடிப் போய்விடும். சல்ஃபர் சேணத்துக்கும் மலிவுச் சேணத்துக்கும் உள்ள வித்தியாசம் முத்திரை தேய்ந்த பிறகும் இந்த ஒரு விரல் அகல இடத்தில் தெரிந்துவிடும்.

அளவில்தான் விளம்பரங்கள் அதிகம் தப்பு செய்கின்றன. இருக்கை அளவு என்பது கொம்பின் பின்பக்க அடிவாரத்தில், ஸ்வெல் எனப்படும் முன்புடைப்பின் ஓரத்திலிருந்து கேன்டிலின் மேல்தையல் வரை நேர்க்கோடு. இருக்கையின் பள்ளத்தோடு டேப்பை வளைத்து அளந்து 17 என்று போடுகிறார்கள். நேராக அளந்தால் 15.5 வரும். பெரியவர்களுக்கு 15, 16 பொதுவான அளவு, சிறுவர்களுக்கு 12 முதல் 14 வரை. ஆங்கிலச் சேணம் ஓட்டிப் பழகியவர்கள் அந்த அளவிலிருந்து இரண்டு அங்குலம் கழிக்க வேண்டும், அங்கே 17 என்றால் இங்கே 15. உட்கார்ந்தால் உடம்புக்கும் ஸ்வெலுக்கும் நடுவே நான்கு விரற்கடை இடம் இருக்க வேண்டும்.

குதிரைக்கு வேண்டிய அளவு கல்லட், முன் கவட்டையின் அடி அகலம். குவார்ட்டர் ஹார்ஸ் என்ற குதிரையினத்தை வைத்துச் சொல்லும் பெயர்களில், செமி குவார்ட்டர் என்றால் சுமார் 6.5 அங்குலம், ஃபுல் குவார்ட்டர் என்றால் சுமார் 7 என்பது வழக்கு. ஆனால் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அளக்கும் இடமே மாறும். முன்பக்கம் இருபுறமும் இருக்கும் அலங்காரப் பொத்தானிலிருந்து பொத்தானுக்கு அளப்பார்கள் சிலர், பாரின் உள்விளிம்பில் அளப்பார்கள் சிலர். எண்ணை நம்புவதைவிட ஒரு வேலை செய்யுங்கள். வளையும் தடித்த கம்பியைக் குதிரையின் தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் குறுக்கே வளைத்து, அதே வளைவை அட்டையில் வரைந்து வெட்டுங்கள். அந்த அட்டையைச் சேணத்தின் முன்வாயில் வைத்துப் பார்த்தால் அகலத்தோடு சாய்வும் தெரிந்துவிடும். சாய்வு பொருந்தாவிட்டால் அகலம் சரியாக இருந்தும் குதிரை முதுகில் வெள்ளை முடி முளைக்கும், அழுத்தப் புண்ணின் அடையாளம் அது.

எந்த வேலைக்குச் செய்தது என்பதைக் கொம்பே சொல்லும். தடித்த, குட்டையான கொம்பில் ரப்பரோ தோலோ சுற்றி, கயிறு உராய்ந்த தழும்பும் இருந்தால் கயிறுவீச்சு. மெலிந்து உயர்ந்து நிற்பது மாடு பிரிக்கும் கட்டிங் சேணம் அல்லது பீப்பாய் ஓட்டப் பந்தயச் சேணம். பின்னதில் கேன்டிலும் உயரமாக, ஸ்கர்ட் எனப்படும் அடித்தோல் குட்டையாக, எடை 25 பவுண்டு பக்கம் இருக்கும். கயிறுவீச்சுச் சேணம் 35 பவுண்டுக்கு மேலேதான், 45ஐத் தொடுவதும் உண்டு. தலைக்கு மேல் தூக்கிக் குதிரையில் போடப்போகிறவர் இந்த எண்ணை மறக்கக்கூடாது. ரிக்கிங், அதாவது சிஞ்ச் வளையம் தொங்கும் இடம், கவட்டைக்கு நேர்கீழே இருந்தால் ஃபுல், கொஞ்சம் பின்தள்ளினால் 7/8, இன்னும் தள்ளினால் 3/4. நடுவில் ஒரே வளையம் மட்டும் இருந்தால் சென்டர்ஃபயர். அது கலிபோர்னியாப் பழைய பாணி, சேகரிப்பாளருக்கான சரக்கு.

வயதைக் கணிக்கச் சில தடயங்கள் போதும். கூட்டல்குறித் தலைத் திருகாணி 1930களுக்குப் பிறகு. முத்திரையில் ஐந்து இலக்க அஞ்சல் எண்ணோ மாநிலத்துக்கு இரண்டெழுத்துச் சுருக்கமோ இருந்தால் 1963க்குப் பிறகு, இரண்டும் அந்த ஆண்டில்தான் வந்தன. அங்கவடி வாரைத் தோல்நாடாவால் கோர்த்திருந்தால் பழசு, பிளெவின்ஸ் எனப்படும் உலோகக் கொக்கி இருந்தால் பிந்தியது. கொக்கியைப் பின்னாளில் மாற்றியிருக்கலாம், திருகாணியையும் மாற்றலாம் என்பதால் ஒரே தடயத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது.

1900ஐ ஒட்டிய பழஞ்சரக்கு கையில் கிடைத்தால் இதுவரை சொன்ன விலைக்கணக்கு பொருந்தாது. டென்வரின் ஹைசர், பியூப்லோவின் ஃபிரேசர், ஷெயனின் மீனியா, பென்டில்டனின் ஹாம்லி, கலிபோர்னியாவின் விசாலியா ஆகிய முத்திரைகளைக் கண்டால் சோப்பும் எண்ணெயும் தொடாமல் அப்படியே துணியில் சுற்றி, பழம்பொருள் ஏலக்காரரிடம் காட்டுங்கள். இந்த உலகத்தில் வரலாறும் வெள்ளியும்தான் விலை. கௌபாய்ப் பட நடிகர் ராய் ராஜர்ஸின், போலின் என்ற சேணக் கைவினைஞரின் வெள்ளி பதித்த சேணமும் கடிவாளமும் 2010இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 3,86,500 டாலருக்குப் போயின. ஏறி ஓட்ட வாங்குகிறவருக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

சரி, பில்லி குக்குக்கு எவ்வளவு கொடுக்கலாம்? விளம்பரத்தில் கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போட்டு, அதே ஊர் முத்திரை, அதே வகை, அதே இருக்கை அளவு உள்ள ஐந்தாறு விற்பனைகளின் நடுவிலையை எடுங்கள். நம் கணிப்பில், சட்டம் உறுதியாக, தோல் உயிரோடு, கம்பளி பாதிக்கு மேல் இருக்கும் சல்ஃபர் கயிறுவீச்சுச் சேணம் 800 முதல் 1,400 டாலர் வரை தகும். அதே நிலையில் கிரீன்வில் 350 முதல் 650. இதிலிருந்து கழிக்க வேண்டியவை: கம்பளி மாற்ற 300, அங்கவடி வார் ஜோடி 150, லாட்டிகோ முதலிய சிறுவார்கள் 60. உதாரணமாக, நடுவிலை 1,100 வரும் ஒரு 16 அங்குல சல்ஃபருக்குக் கம்பளி வழுக்கையாகி, அங்கவடி வாரும் சிறுவார்களும் வெடித்திருந்தால் 590க்கு மேல் கொடுக்காதீர்கள். விற்பவர் பெயரைச் சொல்லி 900இல் நின்றால் விட்டுவிடலாம். இந்தப் பெயரில் அடுத்த சேணம் அடுத்த வாரமே வரும், அரிய சரக்கு இல்லை. சேணத்தைப் பெரிய பெட்டியில்தான் அனுப்ப முடியும் என்பதால் அனுப்பும் கூலி எடையைவிடப் பெட்டியின் கொள்ளளவைப் பொறுத்து ஏறும். அதையும் விலையில் சேர்த்தே பேசுங்கள்.

ஓட்டப் பழகும் ஒருவருக்கு எதை வாங்கச் சொல்வோம்? கையில் 1,000 டாலர் இருந்தால் புதிய மலிவுச் சேணத்தைத் திரும்பிப் பார்க்க வேண்டாம், சோதனை தாண்டிய சல்ஃபரை எடுங்கள். பராமரித்தால் அடுத்த தலைமுறைக்கும் வரும், விற்றாலும் பெரிய நட்டமில்லை. 500தான் இருக்கிறதா? சட்டம் உறுதியான கிரீன்வில் தாராளமாக வாங்கலாம், நடைசவாரிக்கு அது குறையில்லாத சேணம். அதே விலையில் டெக்சாஸின் யோக்கம் ஊரில் செய்த பழைய டெக்ஸ் டேன் அல்லது சர்க்கிள் ஒய் கிடைத்தால் அவற்றையும் இதே சோதனைகளில் ஏற்றிப் பாருங்கள். நடைசவாரி வசதியில் சர்க்கிள் ஒய்யின் மெத்தை இருக்கை பில்லி குக்கின் கடினமான இருக்கையைவிட இதம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கயிறு வீசப்போகிறவருக்கு மட்டும் சல்ஃபருக்குக் கீழே இறங்க வேண்டாம்.

நேரில் போக முடியாதவர்கள் பணம் அனுப்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: முத்திரையின் அண்மைப் படம், முன்னாலிருந்தும் பின்னாலிருந்தும் நேராக எடுத்த படங்கள், கவிழ்த்து வைத்துக் கம்பளி முழுவதும் தெரியும் படம், டேப் நேராகப் பிடித்த இருக்கைப் படம், ஃபெண்டரைக் கீழே இழுத்து வார் மடிப்பு தெரியும் படம் இரண்டு பக்கமும், வளையங்களைப் பிடித்திருக்கும் தையல். கூடவே கேன்டிலைக் கொம்பை நோக்கி இழுக்கும் அரை நிமிட வீடியோ, இருக்கையின் நடுப்பகுதி தெரியும்படி. படங்களை எல்லாரும் அனுப்புவார்கள். வீடியோ கேட்டதும் பதில் நின்றுபோனால் அந்தச் சேணத்தை விட்டு வேறு பாருங்கள்.